உயர்ந்த ஹேண்டில்பாரும் அதற்கேற்ற பிரேக் இணைப்பும்

ஹேண்டில்பாரிலிருந்து கீழே இறங்கும் இணைப்புகள் பல. முன் பிரேக்கின் கேபிள் அல்லது ஹோஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், இருபுறச் சுவிட்சுகளின் வயர்கள் ஆகியவை பெரும்பாலான வண்டிகளில் உண்டு. பழைய புல்லட்டில் டீகம்ப்ரஷன் லிவரின் கேபிளும் சேரும். இவை ஒவ்வொன்றும் தொழிற்சாலை பொருத்திய ஹேண்டில்பாரின் உயரத்துக்கும் அகலத்துக்கும் அளந்து வெட்டப்பட்டவை. அந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு உயரமான ஒன்றை வைக்கும்போது அத்தனை இணைப்புகளின் நீளமும் கேள்விக்குள்ளாகிறது. கிளட்ச் கேபிள் குட்டையானால் ஓட்டுவது சிரமமாகும். முன் பிரேக்கின் இணைப்பு குட்டையானால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஹேண்டில்பாரை உயர்த்துவதைப் பிரேக் வேலையாகவே எடுத்துக்கொண்டு தொடங்குவது சரி. எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைத் தோளும் முதுகும் சொல்லும். எவ்வளவு உயரம் முடியும் என்பதைப் பிரேக் இணைப்புதான் சொல்லும்.

உயர்த்த விரும்புவதற்குக் காரணங்கள் நியாயமானவை. தாழ்ந்த ஹேண்டில்பாரில் உடலின் எடையில் ஒரு பங்கு மணிக்கட்டில் இறங்குகிறது. நீண்ட பயணத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து வலிக்கும். கைப்பிடி சற்று உயர்ந்து பின்னுக்கு வந்தால் முதுகு நிமிரும், முழங்கை இயல்பாக மடங்கும், மணிக்கட்டு நேராகும். வயதானவர்களுக்கும் முதுகிலோ தோளிலோ காயம்பட்டவர்களுக்கும் இது பெரிய நிவாரணம். ஆனால் நிமிர்ந்த உடலுக்கும் விலை உண்டு. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், மணிக்கு 40 கிலோமீட்டரில் மார்பில் படும் காற்று 80 கிலோமீட்டரில் நான்கு மடங்காகிறது. நிமிர்ந்து அமர்ந்தவர் அந்த விசையை எதிர்க்கக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார். அந்த இழுப்பு நேராக ஸ்டீயரிங்குக்குப் போய் வண்டியை ஆட்டுகிறது. முன்சக்கரத்தின் மீதுள்ள எடையும் கொஞ்சம் குறைகிறது. சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சி, முன்னே சாய்ந்திருந்தால் கைக்கும் இடுப்புக்கும் பிரிந்து போகும். நிமிர்ந்திருந்தால் முழுவதும் முதுகுத்தண்டில் ஏறுகிறது. ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரை உயர்த்துவதில் பெரும்பாலும் நன்மையே மிஞ்சும். தோளுக்கு மேலே கை போகும் அளவுக்கு உயர்த்துவது தோற்றத்துக்காகச் செய்வது. அமெரிக்காவில் ஏப் ஹேங்கர் எனப்படும் அந்த வகை, 1969இல் வெளிவந்த ஈஸி ரைடர் திரைப்படத்துக்குப் பின் உலகெங்கும் தெரிந்தது. இரத்த ஓட்டத்துக்கும் வண்டியின் கட்டுப்பாட்டுக்கும் அது உகந்ததல்ல.

அளவுகள்

ஹேண்டில்பார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குழாயின் விட்டம். ஜப்பானிய, ஐரோப்பிய, இந்திய வண்டிகளில் மிகப் பரவலானது 22 மில்லிமீட்டர், துல்லியமாகச் சொன்னால் எட்டில் ஏழு அங்குலமான 22.2. ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். நடுவில் 28.6 மில்லிமீட்டர் தடித்து, கைப்பிடிப் பக்கம் 22க்கு மெலியும் அலுமினியக் குழாய்களும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கிளாம்ப் வேண்டும். 22 மில்லிமீட்டர் கிளாம்பில் ஒரு அங்குலக் குழாயைப் பிடிக்க முடியாது. ஒரு அங்குலக் கிளாம்பில் 22 மில்லிமீட்டர் குழாயைத் தகடு சுற்றி இறுக்குவதும் சில பட்டறைகளில் நடக்கிறது. அது செய்யவே கூடாதது. பிரேக் பிடிக்கும் கணத்தில் உடலின் எடையில் பெரும் பங்கு அந்தக் குழாயின் மீது விழும்.

விட்டத்துக்கு அடுத்து நான்கு அளவுகள். கிளாம்ப் இடத்திலிருந்து கைப்பிடி எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு பின்னுக்கு வருகிறது, நுனிக்கு நுனி அகலம் எவ்வளவு, நடுவில் கிளாம்புக்கான நேர்ப்பகுதி எவ்வளவு நீளம். கடைசி அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரு கிளாம்புகளுக்கு வெளியே குழாய் உடனே வளையத் தொடங்கினால், வளைவின் தொடக்கம் கிளாம்புக்குள் அகப்பட்டு, இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்.

பின்னுக்கு வரும் அளவு கூடினால், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது கைப்பிடியோ லிவரோ பெட்ரோல் டேங்கில் இடிக்கும். புதிய ஹேண்டில்பாரை மேலோட்டமாக வைத்து, கேபிள் எதையும் மாட்டாமல், இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்ப்பது முதல் வேலை. கைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்காமல் இருக்க இடைவெளி தேவை. இந்தச் சோதனையில் தோற்கும் ஹேண்டில்பாருக்காக ஹோஸ் வாங்கிச் செலவு செய்வதில் பொருளில்லை.

ஹேண்டில்பாரை மாற்றாமல், கிளாம்புக்குக் கீழே ரைசர் எனப்படும் கட்டைகளை வைத்து உயர்த்துவது இன்னொரு வழி. பழகிய வடிவம் மாறாது, செலவு குறைவு. இருபது, முப்பது மில்லிமீட்டர் உயர்வுக்குப் பல வண்டிகளில் பழைய கேபிள்களே எட்டிவிடும். ஆனால் எல்லா வண்டியும் இதற்கு இடம் தராது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் தாங்கும் பெரிய வார்ப்புக் கூடே ஹேண்டில்பாரின் இருப்பிடமும் ஆகும். கிளாம்பின் கீழ்ப்பாதி அந்தக் கூட்டிலேயே அமைந்திருப்பதால், தனிக் கிளாம்ப் உள்ள வண்டிபோல் எளிதாக நடுவே கட்டை சொருக முடியாது. அதில் உயரம் வேண்டுமென்றால் ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டும்.

மூன்று வண்டிகள், மூன்று விதமான பிரேக் வழி

பிரேக் இணைப்பு என்றால் எல்லா வண்டியிலும் ஒன்றே என்று நினைத்துத் தொடங்குபவர்கள் நடுவில் திகைப்பார்கள். பழைய வண்டிகளில் குறைந்தது மூன்று அமைப்புகள் உண்டு. எது என்று அறிந்த பிறகே சாமான் பட்டியல் போட முடியும்.

முதலாவது, கேபிளால் இழுக்கப்படும் டிரம் பிரேக். சென்னை திருவொற்றியூரில் நெடுங்காலம் தயாரான புல்லட்டுகளும், 1985 முதல் இந்தியாவில் வெளிவந்த யமஹா ஆர்எக்ஸ் 100ம் இந்த வகை. லிவரிலிருந்து சக்கரத் தட்டு வரை ஒரே கேபிள்.

இரண்டாவது, முழு ஹைட்ராலிக் அமைப்பு. பெருமளவில் விற்ற வண்டிகளில் முன் டிஸ்க் பிரேக்கை நிலைநாட்டிய ஹோண்டா சிபி 750, 1969இல் வந்தது. அதன் மாஸ்டர் சிலிண்டர் ஹேண்டில்பாரின் வலப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஹோஸ் ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியருகே உள்ள இணைப்புக் கட்டைக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டாவது ஹோஸ், பிறகு இரும்புக் குழாய், பிறகு கேலிப்பர். ஹேண்டில்பாரை உயர்த்தும்போது மாறுவது மேல் ஹோஸ் மட்டுமே. கீழே உள்ளவற்றின் நீளம் ஃபோர்க்கின் அசைவுக்குக் கட்டுப்பட்டது, அதில் கைவைக்க அவசியமில்லை. இணைப்புக் கட்டையை எடுத்துவிட்டு மேலிருந்து கேலிப்பர் வரை ஒரே நீள ஹோஸ் போடுபவர்களும் உண்டு. அப்போது கட்டையில் உள்ள பிரேக் விளக்குச் சுவிட்சுக்கு மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால், முன் பிரேக் பிடிக்கும்போது பின் விளக்கு எரியாது.

மூன்றாவது அமைப்பு விசித்திரமானது, இந்தப் பொருளில் மிகவும் படிப்பினை தருவதும் அதுதான். 1970களின் நடுவில் பிஎம்டபிள்யூ தன் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் முன் டிஸ்க் பொருத்தியபோது மாஸ்டர் சிலிண்டரை ஹேண்டில்பாரில் வைக்காமல் பெட்ரோல் டேங்குக்குக் கீழே வைத்தது. லிவரிலிருந்து கேபிள் போய் அதை இழுக்கும். அங்கிருந்து ஹோஸ் கீழே போகும். ஆர் 90 எஸ் முதலிய வண்டிகள் இப்படி இருந்தன. 1981 மாடலில்தான் மாஸ்டர் சிலிண்டர் ஹேண்டில்பாருக்கு வந்தது. பழைய அமைப்பில் ஹேண்டில்பாரை எவ்வளவு உயர்த்தினாலும் ஹைட்ராலிக் பகுதியைத் தொட வேண்டாம், நீளமான கேபிள் போதும். அமெரிக்கச் சந்தைக்கு உயர்ந்த ஹேண்டில்பாரும் ஐரோப்பாவுக்குத் தாழ்ந்ததும் தொழிற்சாலையே கொடுத்ததால், இரண்டுக்கும் உரிய நீளங்களில் கேபிள்கள் தயாராகவே கிடைத்தன. இந்த எளிமைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேபிளில் சிறு தளர்வு விடாமல் இறுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது. ஆயில் மேல் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை மூடியபடியே இருக்கும். ஓட்டத்தில் சூடேறி விரியும் ஆயிலுக்குப் போக்கிடமில்லாமல், கை வைக்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். நீளம் சற்றே குறைந்த கேபிளை இழுத்து மாட்டியவர்களுக்கு நேரும் கோளாறு இதுதான்.

கேபிளின் இயல்பு

கேபிளை வெறும் நீளமாக மட்டும் பார்த்தால் ஏமாற்றமே. அதன் உராய்வை நிர்ணயிப்பது நீளத்தைவிட வளைவுகளின் கூட்டுத்தொகை. உறைக்குள் கம்பி வளைந்து செல்லும் ஒவ்வொரு பாகையும் இழுவிசையில் ஒரு பங்கை விழுங்குகிறது. அது பெருக்கல் முறையில் கூடுகிறது. உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், 90 பாகை வளைவு ஒன்றுக்கு லிவர் பக்கம் சுமார் 17 விழுக்காடு அதிக விசை வேண்டும். வளைவுகள் எல்லாம் சேர்ந்து 360 பாகை ஆனால் ஏறக்குறைய 1.9 மடங்கு. ஆகவே 10 சென்டிமீட்டர் நீளம் கூடியதால் மட்டும் பிரேக் கனக்காது. அந்த நீளத்தைச் சுருட்டி ஹெட்லைட்டுக்குப் பின்னால் திணித்தால் கனக்கும். தேவைக்கு அதிகமான நீளமும் குட்டையைப் போலவே கெடுதல் என்பதற்குக் காரணம் இது.

டிரம் பிரேக்கில் இன்னொரு நுட்பம் சக்கரத் தட்டில் இருக்கிறது. பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளுக்கும் தட்டிலுள்ள கைக்கும் இடைக்கோணம் 90 பாகையை நெருங்க வேண்டும்; அதைத் தாண்டினால் இழுக்க இழுக்கப் பலன் குறையும். புதிய கேபிள் மாட்டும்போது பிரேக் ஷூவின் தேய்மானத்தையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது, ஏனென்றால் தேய்ந்த ஷூவே இந்தக் கோணத்தைக் கெடுக்கிறது. லிவர் நுனியில் விட வேண்டிய தளர்வு, சிறிய இந்திய வண்டிகளின் டிரம் பிரேக்குக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர். கிளட்சுக்கு 10 முதல் 20. ஆக்சிலேட்டர் சுழலும் விளிம்பில் 2 முதல் 6. வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

வேண்டிய நீளத்தில் கேபிள் கிடைக்காதபோது செய்துகொள்ளலாம். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பாட்டர்ஸ் சாலைப் பகுதிகளில் இரு சக்கர வாகனச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. பிற நகரங்களிலும் கேபிள் கட்டித் தருபவர்கள் உண்டு. கம்பியின் நுனி நிப்பிள் துளைக்குள் புகுந்து வெளியே வந்ததும், இழைகளைப் பிரித்துப் பூப்போல் விரித்து, அதன் பிறகே ஈயம் நிரப்ப வேண்டும். விரிக்காமல் வெறும் ஈயத்தால் ஒட்டிய நிப்பிள் கிளட்சில் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். முன் பிரேக்கில் அறுந்தால் திருத்த வாய்ப்பிராது. பிரேக் கேபிளுக்குத் தொழிற்சாலையில் செய்த நீள வகையையே தேடிப் பிடிப்பது மேல்.

ஹைட்ராலிக் ஹோஸ்

நீளமான ஹோஸ் போட்டால் பிரேக் பலவீனமாகும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி, ஹோஸ் எவ்வளவு நீண்டாலும் கேலிப்பருக்குப் போகும் அழுத்தம் குறையாது. கூடுதல் நீளத்தில் நிற்கும் ஆயிலும் லிவரின் ஓட்டத்தை விழுங்காது. உள்விட்டம் 3.2 மில்லிமீட்டர் உள்ள ஹோஸில் 20 சென்டிமீட்டர் கூடினால் சேரும் ஆயில் சுமார் 1.6 கன சென்டிமீட்டர். அது அங்கே நிலையாக நிற்கிறது, நகர்வதில்லை. மாஸ்டர் சிலிண்டர் உயர்ந்ததால் திரவத்தின் எடை கூடுதல் அழுத்தம் தருமோ என்றால், 10 சென்டிமீட்டருக்கு அது ஒரு பாரில் நூறில் ஒரு பங்கு. புறக்கணித்துவிடலாம்.

உண்மையான பாதி, ஹோஸின் விரிவில் இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது ரப்பர் ஹோஸ் பக்கவாட்டில் சற்று உப்பும். நீளம் எத்தனை விழுக்காடு கூடுகிறதோ அத்தனை விழுக்காடு உப்பலும் கூடும், அந்த அளவுக்கு லிவர் மெத்தென்று உள்ளே போகும். அழுத்தத்தின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். கை 100 நியூட்டன் விசையில் அழுத்துகிறது, லிவர் அதை ஆறு மடங்காக்குகிறது, மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றால், அழுத்தம் ஏறத்தாழ 39 பார். அவசரத்தில் இரு மடங்கு பலமாகப் பிடித்தால் 78 பார். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார்தான். அமெரிக்கக் கூட்டரசின் ஹோஸ் தரவிதி, ஒவ்வொரு ஹைட்ராலிக் பிரேக் ஹோஸும் சதுர அங்குலத்துக்கு 4000 பவுண்டு, அதாவது சுமார் 276 பார் நீரழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. பட்டறையில் இரு துண்டு ரப்பரைக் கிளிப் போட்டு இணைத்து நீளமாக்குவது ஏன் பெருந்தவறு என்பதற்கு இந்த எண்களே போதும்.

எஃகு இழை பின்னிய, உள்ளே டெஃப்லான் குழாய் கொண்ட ஹோஸ் மிகக் குறைவாகவே உப்பும். நீளம் கூடும்போது இழந்த கெட்டித்தன்மையை அது திருப்பித் தருவதோடு, பழைய ரப்பரைவிடவும் லிவரை உறுதியாக்கும். உயர்ந்த ஹேண்டில்பாருக்கு ஹோஸ் மாற்றுபவர் இதையே தேர்ந்தெடுப்பது நியாயம். பத்து வருடத்துக்கு மேல் பழைய ரப்பர் ஹோஸ் நீளம் போதுமானதாக இருந்தாலும் தூக்கி எறியத்தக்கது. ஜப்பானிய நிறுவனங்களின் கையேடுகளே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஹோஸ் மாற்றச் சொல்கின்றன. உட்சுவர் வீங்கி வழியை அடைத்தால், பிடித்த பிரேக் விடாமல் இழுக்கும் கோளாறும் வரும். எஃகுப் பின்னலுக்கு ஒரு குணக்கேடு உண்டு: உராயும் இடத்தில் பெயிண்டை, அலுமினியத்தை, வயர் உறையை அரம்போல் அறுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வகையையே வாங்க வேண்டும்.

நீளத்தை எப்படி அளப்பது? முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க் முழுதாக நீண்டு தொங்கும் நிலைக்கு வர வேண்டும். கேலிப்பர் வரை ஒரே ஹோஸாக இருந்தால் இந்த நிலைதான் அதற்கு மிகக் கடினமானது. புதிய ஹேண்டில்பாரும் மாஸ்டர் சிலிண்டரும் இறுதி இடத்தில் இருக்க, ஹோஸின் தடிப்புள்ள சாதாரண ரப்பர் குழாய் ஒன்றை ஹோஸ் செல்ல வேண்டிய வழியிலேயே விட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்ப வேண்டும். எந்த நிலையிலும் இழுபடாத, எந்த வளைவும் மடங்காத நீளமே சரியான நீளம். ஏட்டுக் கணக்கு ஒரு சரிபார்ப்புக்கு உதவும்: கைப்பிடி 75 மில்லிமீட்டர் மேலேயும் 50 மில்லிமீட்டர் பின்னேயும் நகர்ந்தால், நேர்க்கோட்டில் அது 90 மில்லிமீட்டர் நகர்வு. கூடுதல் நீளம் அதைச் சுற்றியே அமையும். 200 மில்லிமீட்டர் தேவை என்று அளவு காட்டினால், ஹோஸின் வழி எங்கோ தவறியிருக்கிறது. பிறகு ஃபோர்க்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுங்கும்போது உபரி நீளம் வெளியே வளைந்து டயரைத் தொட்டுவிடக் கூடாது.

நுனி இணைப்புகளில் தவறு எளிதில் நேரும். ஹோஸைப் பிடிக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் மரை, ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் எம்10, 1.25 இடைவெளி. பிரெம்போ முதலிய ஐரோப்பிய அமைப்புகளில் எம்10, 1.0. பழைய பிரிட்டிஷ் லாக்ஹீடு அமைப்புகளில் அங்குல மரை. 1.0 போல்ட் 1.25 துளையில் ஓரிரண்டு சுற்று ஏறிவிடும் என்பதுதான் பயங்கரம். அதற்கு மேல் வலிந்து இறுக்கினால் கேலிப்பரின் அலுமினிய மரை போய்விடும். கையால் கடைசி வரை சுழன்று போகாத போல்ட்டை ஸ்பேனரால் தொடவே கூடாது. போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் வேண்டும், ஒவ்வொரு முறையும் புதியது. இரட்டை டிஸ்க் வண்டியில் இரு ஹோஸ்கள் ஒரே நீண்ட போல்ட்டில் சேர்ந்தால் மூன்று வாஷர். பேன்ஜோவின் கழுத்துக் கோணமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்; நேர்க்கழுத்தை வளைந்த இடத்தில் போட்டால் ஹோஸ் முறுகியபடியே நிற்கும். முறுகிய ஹோஸ் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முயன்று போல்ட்டைத் தளர்த்தும்.

மாஸ்டர் சிலிண்டரின் சாய்வும் கவனம் கோருவது. பழைய வண்டிகளில் ஆயில் தொட்டி சிலிண்டரோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். பின்னுக்கு வளைந்த ஹேண்டில்பாரில் அதை மாட்டினால் தொட்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஆயில் குறைந்திருக்கும் நாளில், வண்டி சாயும்போது அடித்துளை காற்றைக் குடித்துவிடும். கைப்பிடி நேராக உள்ள நிலையில் தொட்டி கிடைமட்டமாக அமையும்படி லிவரைத் திருப்ப முடியாவிட்டால், தொட்டி தனியாக உள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தலாம். அப்போது பிஸ்டன் விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். 14க்குப் பதில் 16 மில்லிமீட்டர் வைத்தால் பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டரிலிருந்து 2.01க்குக் கூடுகிறது. லிவர் கெட்டியாகத் தோன்றும், ஆனால் அதே அழுத்தத்துக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கை அழுத்த வேண்டியிருக்கும்.

காற்று எடுப்பது

புதிய ஹோஸ் மாட்டிய பிறகு ஆயில் நிரப்பிக் காற்று எடுப்பதில்தான் பலருக்கும் ஒரு நாள் போகிறது. காற்றுக் குமிழி மேலே ஏறவே விரும்பும். வழக்கமான முறையோ, மேலே லிவரை அழுத்திக் கீழே கேலிப்பர் நிப்பிள் வழியாக அதை வெளியேற்றப் பார்க்கிறது. ஹேண்டில்பார் உயர்ந்து ஹோஸ் முதலில் மேலே எழுந்து பிறகு இறங்கும்படி அமைந்தால், அந்த வளைவின் உச்சியில் குமிழி குடியிருந்துவிடும். பெரிய ஊசிக்குழலால் கேலிப்பர் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே ஆயிலைச் செலுத்துவது, குமிழி போக விரும்பும் திசையிலேயே அதை அனுப்புகிறது; காலியான புதிய ஹோஸுக்கு இது மிகப் பொருத்தம். கடைசியில் மிஞ்சும் காற்று பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் பேன்ஜோவில்தான் இருக்கும். லிவரை அழுத்திப் பிடித்தபடி அந்தப் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி உடனே இறுக்கினால் குமிழியோடு சில துளி ஆயில் வெளியேறும். லிவரைக் கைப்பிடியோடு கட்டி இரவு முழுதும் விட்டுவைப்பதும் பலன் தரும் பழைய வழி.

ஆயில் வகையில் குழப்பம் கூடாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. டாட் 5 சிலிக்கோன் வகை. எண் நெருக்கமாக இருந்தாலும் 5ஐயும் 5.1ஐயும் கலக்கக் கூடாது. பழைய ஹார்லி வண்டிகள் பலவற்றில் டாட் 5 இருப்பதால் மூடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே ஊற்ற வேண்டும். புதிய டாட் 4இன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அதற்கான வரம்பு 155 பாகை. ஈரக் காற்றுள்ள கடற்கரை ஊர்களில், திறந்து வைத்த டப்பாவின் மிச்சத்தை அடுத்த வருடம் ஊற்றுவது வீண் சிக்கனம். கிளைக்கால் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும். டேங்கின் மீது ஈரத் துணி விரித்து, சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஹோஸ் நேராகக் கேலிப்பருக்குப் போகாமல் ஏபிஎஸ் பெட்டி வழியாகப் போகிறது. அங்கே காற்று எடுக்கச் சில வண்டிகளுக்குக் கணினிக் கருவி வேண்டும். அது வீட்டு வேலையல்ல.

வயரும் கிளாம்பும்

சுவிட்ச் வயர்களில் ஹெட்லைட் கூட்டுக்குள் சுருட்டி வைத்த உபரி நீளம் கொஞ்சம் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் உயர்வுக்கு அது பெரும்பாலும் போதும். போதாவிட்டால் அதே தடிப்புள்ள வயரால் நீட்டி, இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக அமைத்து, சுருங்கும் உறை போட வேண்டும். சுவிட்ச் கூட்டின் உள்ளே இருக்கும் சிறு முளைக்காகப் புதிய குழாயில் துளை போட நேரும். கிளாம்புக்கு அருகில் துளை போடுவது மட்டும் கூடாது. குழாய் முறியும் இடம் அதுதான். கிளாம்ப் மூடிகளில் முன்பக்கத்தைக் காட்டும் குறி இருந்தால், அந்தப் பக்கத்தின் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கி இடைவெளியைப் பின்பக்கம் விட வேண்டும் என்பது பல கையேடுகளின் முறை.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. ஹேண்டில்பாரின் உயரம் பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லை. ஆனாலும் தோளுக்கு மேல் எழும் ஹேண்டில்பார் அதிகாரியின் கண்ணில் படும். அடக்கமான உயர்வுக்கு இது இன்னொரு காரணம். அதே நிறுவனம் அதே மாடலுக்கு விற்கும் உயர்ந்த ஹேண்டில்பார் கிடைத்தால் அதையே தேர்வது பாதுகாப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஜெர்மனியில் ஹேண்டில்பாருக்கும் ஹோஸுக்கும் ஒப்புதல் ஆவணமோ ஆய்வு நிலையத்தின் சோதனையோ தேவை. அமெரிக்காவில் ஹோஸின் தரம் கூட்டரசின் பொறுப்பு, உயர வரம்பு மாநிலங்களின் பொறுப்பு. சில மாநிலங்கள் ஓட்டுபவரின் தோளை எல்லையாகக் கொள்கின்றன, சில இருக்கையிலிருந்து அங்குலக் கணக்கில் அளக்கின்றன.

சோதனை

சாலைக்குப் போகும் முன் நின்ற இடத்திலேயே முடிக்க வேண்டிய சோதனைகள் உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்ப வேண்டும். எஞ்சினின் சத்தம் சிறிதளவு ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். நெரிசலில் வண்டியைத் திருப்பும்போது அது தானாக முன்னே பாயும். கிளட்ச் அதே சோதனையில் தன்னால் விடுபடக் கூடாது. முன் பிரேக் லிவரைப் பலமாக ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெத்தென்று இருந்து இரண்டு மூன்று அழுத்தலில் கெட்டியானால் காற்று மிச்சம் இருக்கிறது. கெட்டியாக இருந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. பழைய வண்டியில் இந்தச் சீல் கோளாறு அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் இத்தனை காலம் ஓடாத தூரத்துக்குப் பிஸ்டன் காற்று எடுக்கும்போது ஓடி, துருப்பிடித்த சுவரில் சீலைக் கிழித்துக்கொள்கிறது. ஹோஸ் மாற்றும்போதே மாஸ்டர் சிலிண்டருக்கும் கேலிப்பருக்கும் சீல் மாற்றுவது இந்தத் தொல்லையை முன்கூட்டியே தீர்க்கும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சாலையில், நடை வேகத்தில் தொடங்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பேன்ஜோவையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பார்ப்பது நல்லது. முதல் சில நூறு கிலோமீட்டரில் புதிய கேபிள் உறை அமுங்கித் தளர்வு கூடும், கிளாம்ப் போல்ட்டுகளும் சற்றே இளகும். இரண்டையும் ஒருமுறை சரிசெய்ய வேண்டும். ஹோஸ் எங்காவது உராய்ந்த தடம் இருக்கிறதா என்று ஃபோர்க், ஃபெண்டர், ஹெட்லைட் தாங்கி ஆகிய மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹோஸ் மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் வண்டியின் பராமரிப்புக் குறிப்பில் எழுதி வைத்தால் அடுத்த மாற்றத்துக்கான காலம் தவறாது.